ஆறரை மணி விசில்

"பெத்த தாயா இருந்தாலும் சரி, கட்டின பொண்டாட்டியா இருந்தாலும் சரி, ஒரு ஆளுக்காக நான் ஒரு பஸ்ஸை ஒரு நிமிஷம் பிடிச்சு வச்சதில்ல. இனிமேலும் வைக்க மாட்டேன். எழுதி வச்சுக்கோங்க."

பேருந்து நிலையத்து டைம்கீப்பர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது மாலையோ மைக்கோ இல்லை. கேட்டவர்கள் மூன்று ஓட்டுநர்கள், இரண்டு நடத்துநர்கள், காலி டீ கிளாஸ் பொறுக்க வந்த ஒருவர், அவ்வளவுதான். எழுதி வைத்துக்கொள்ள அவர்களில் ஒருவரிடமும் பேனா இல்லாததால் அந்தப் பொறுப்பு இந்த வரலாற்றின் தலையில் விழுந்தது.

முன்பின் தெரியாதவர்களுக்காக: டைம்கீப்பர் என்பவர் பஸ் ஓட்டுவதில்லை, டிக்கெட் கிழிப்பதுமில்லை. நிலையத்தின் நடுவில் நாலடிக்கு ஆறடியில் ஒரு கூண்டு. மூன்று பக்கம் ஜன்னல். சுவரில் கடிகாரம், மேஜையில் பதிவேடு, கழுத்தில் விசில். வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தைப் பதிவேடு சொல்லும், அவர் ஊதுவார், அது கிளம்பும். சூரியன்கூட மேகமூட்டமான நாளில் கொஞ்சம் முன்னே பின்னே வரும். இவர் பத்தொன்பது வருஷமாக அப்படியெல்லாம் வந்ததில்லை. ஓட்டுநர்கள் அவருக்கு 'நிமிஷக்காரர்' என்று பெயர் வைத்து, முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிக்கொண்டார்கள். முகத்துக்கு நேரே 'சார்'.

பதிவேட்டில் கடைசி இரண்டு கட்டங்கள் 'தாமதம்', 'காரணம்'. எந்த வண்டியாவது பிந்தினால் முதல் கட்டத்தில் நிமிஷக் கணக்கு ஏறும். அடுத்ததில் சிவப்பு மையில் ஒரே சொல்: 'டிரைவர்'. மனது இளகிய நாட்களில் 'கண்டக்டர்'. மழை, பஞ்சர், அறுந்து விழுந்த மின்கம்பி ஆகியவை எவ்வளவோ முயன்றும் அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடிந்ததில்லை.

பிரகடனம் வெறும் வாய்ச்சவடால் என்று நினைத்துவிடக் கூடாது. பெத்த தாய் ஒருமுறை கையில் பையோடு ஓடி வந்து, மகன் ஊதிய விசிலைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டு, மகனை எந்த நேரத்தில் பெற்றோம் என்று யோசித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்டின பொண்டாட்டியின் கதை இன்னும் பிரபலம். அவள் நிலையத்தின் எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். இவருடைய கால அட்டவணைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் கல்யாணமே நடந்தது. ஏழாம் மாத வயிற்றோடு ஒருநாள் சாயங்காலம் அவள் பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தாள். இன்னும் பதினோரு காலடி. நிமிஷக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஊதினார்.

பிறகு கூண்டிலிருந்த ஒரே நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டார். "உக்காரு. அடுத்த வண்டி இருபத்திரெண்டு நிமிஷத்துல."

"உங்க பிள்ளை உள்ள இருந்து உதைக்குது. உங்களைத்தான்னு நினைக்கிறேன், குறி தவறி என்மேல படுது," என்றாள் அவள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரை வீட்டிலும் 'டைம்கீப்பர் சார்' என்றே கூப்பிட்டாள்.

குழந்தை சிசேரியனில் பிறந்தது. பெண். நர்ஸ் பதினொன்று இருபது என்று எழுதினார். நிமிஷக்காரர் ஆஸ்பத்திரிக் கடிகாரம் மூன்று நிமிஷம் முந்துவதாகவும், பிறந்த நேரம் பதினொன்று பதினேழு என்றும் ஆட்சேபம் தெரிவித்தார். நர்ஸ் அவரை வெளியே போய் உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு உதவிக்கு மனைவியின் அக்கா வந்திருந்தார். தங்கையின் வீட்டுக்காரர் எந்த ரகம் என்று ஆரம்பத்திலிருந்தே பார்த்து வைத்திருந்த பெண்மணி. எட்டாம் நாளிலிருந்து மனைவிக்குத் தலைவலி. "தூக்கமில்லல்ல, அதான்," என்றார் நிமிஷக்காரர். பக்கத்து வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். கடைசியில் தலைவலிக்காரியே அதை நம்பி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்கு எது வந்தாலும் அசதி என்று பெயர் வைத்துவிடுவதில் உலகம் முழுவதும் ஒரு ஒற்றுமை நிலவுகிறது.

பத்தாம் நாள் காலை நான்கு மணிக்கு அவர் வேலைக்குக் கிளம்பியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை கூடத்தில் அக்கா பக்கத்தில்.

ஆறு இருபத்தொன்பதுக்குக் கூண்டில் அவருடைய போன் அடித்தது. ஆறரை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் நடத்துநருக்குக் கொடுக்க வேண்டிய டிரிப் ஷீட். ஆகவே வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். மனைவி. "என்னங்க, வரும்போது பாப்பாவுக்கு சின்ன சைஸ் சாக்ஸ்..."

"வண்டி கிளம்புது, வை," என்று சொல்லி விசிலை வாயில் வைத்தார். போனில் இன்னும் ஏதோ கேட்டது. ஊதினார். ஆறரை வண்டி ஆறரைக்குக் கிளம்பியது.

ஏழு ஐம்பதுக்கு மறுபடி போன். இந்த முறை அக்கா.

"மாப்ள, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. இவ வலது கையில காப்பி கப்பு நிக்கல. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு. பேச்சு குழறுது."

"தூக்கக் கலக்கமா இருக்கும்க்கா, கொஞ்சம் தூங்கினா..."

"வாயில வந்திடும் எனக்கு! டிஸ்சார்ஜ் பண்ணும்போது குடுத்த பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. தலைவலி, கை கால் மரத்துப்போறது, பேச்சு குழறுறது, இதுல ஒண்ணு வந்தாலும் உடனே வரணும்னு. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. நீங்க வந்தா வாங்க, வராட்டி அடுத்த வண்டிக்கு விசில் ஊதிட்டு இருங்க."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நிமிஷக்காரர் கூண்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடினார். கழுத்தில் விசில் ஆடிக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் அவளை ஏற்கெனவே ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நரம்பியல் டாக்டர் சின்ன வயதுப் பெண். நடப்பதே ஓடுவதுபோல் இருந்தது. வந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"அவங்க கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்கு? சரியான நேரம் வேணும்."

உலகத்தில் எந்தக் கணவனிடமும் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்க வேண்டிய ஒரே கணவனிடம் கேட்டுவிட்டார். நிமிஷக்காரர் முதுகை நிமிர்த்தினார். "ராத்திரி பத்து பன்னெண்டுக்கு, டாக்டர். லைட்டை அணைச்சா."

"காலைல?"

"நான் நாலுக்குக் கிளம்பும்போது தூங்கிட்டிருந்தா."

"தூங்குறவங்களைப் பார்த்து நல்லா இருக்காங்கன்னு சொல்ல முடியாது. அப்புறம் யாரும் பேசலையா?"

அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "தூங்கட்டும்னு விட்டுட்டேன் டாக்டர். ஏழே முக்காலுக்குத்தான் உள்ள போனேன்."

"ஆறு இருபத்தொன்பதுக்குப் போன் பண்ணினா," என்றார் நிமிஷக்காரர்.

டாக்டர் சட்டென்று திரும்பினார். "பேசினாங்களா? பேச்சு எப்படி இருந்துச்சு? தெளிவா, குழறலா?"

நிமிஷக்காரர் வாயைத் திறந்தார். சாக்ஸ் என்றாள். அது தெளிவாக இருந்ததா? அதற்குப் பிறகு ஏதோ நீளமாகச் சொன்னாள். அது என்ன?

"நான் கேக்கல, டாக்டர்."

"போனை எடுத்துட்டுக் கேக்கலையா?"

"விசில் ஊதிட்டு இருந்தேன்."

டாக்டர் அவர் கழுத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்றேன், கவனமாக் கேளுங்க," என்றார். "மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணுல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம் ரத்தம் சீக்கிரம் உறையும். தாய்க்கு ரத்தம் நிறையப் போயிடக் கூடாதுன்னு உடம்பே பண்ற ஏற்பாடு. சில பேருக்கு அந்த ஏற்பாடு கொஞ்சம் அதிகமாயிடும். கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா சிசேரியன் ஆகி பத்து நாள்தான் ஆகுது, தையல்ல ரத்தம் கசியுற ஆபத்து. அதனால தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிசாக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கலாம்னு பாக்கிறோம். ராத்திரி பத்து மணியிலிருந்துன்னா பதினொரு மணி நேரம் ஆகப்போகுது. இன்னும் படம் எடுத்து, மூளையில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணணும். காலைல ஆறரைக்குத் தெளிவாப் பேசியிருந்தாங்கன்னா, காக்கவே வேண்டாம், நேரா உள்ள கொண்டு போயிடுவேன். ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு நஷ்டம்."

ஒரு நிமிஷத்தின் மதிப்பைப் பற்றி நிமிஷக்காரருக்கு வேறொருவர் பாடம் எடுத்தது இதுவே முதல் முறை.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஸ்பீக்கர். கூண்டு ஜன்னலில் ஷீட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு ஆறரை வண்டியின் நடத்துநர் நின்றிருந்தார். யாருக்கும் மீதிச் சில்லறை தந்து வழக்கமில்லாத காரணத்தால் 'சில்லறை' என்று பெயர் பெற்றவர்.

அவருடைய நம்பரை அழுத்தினார். சில்லறை எடுத்தார். பின்னால் இன்ஜின் இரைச்சல், ஹார்ன், ஒரு குழந்தையின் அழுகை.

"சார்? ஒண்ணும் கேக்கல சார்! வண்டி ரோட்டுல போய்க்கிட்டு இருக்கு!"

"காலைல என் வீட்டுல இருந்து போன் வந்துதே..."

"என்னது? வீடா?"

மறுபக்கத்தில் ஏதோ பேச்சு. பிறகு இரைச்சல் அடங்கியது. இன்ஜின் நின்றுவிட்டது. தூரத்திலிருந்து ஓட்டுநரின் குரல்: "ஓரமா நிறுத்திட்டேன், சாரைப் பேசச் சொல்லு. லேட்டானா எழுதிக்கட்டும், பழக்கம்தானே."

நிமிஷக்காரர் போனை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் கேட்டார். சில்லறையின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"சார் வீட்டம்மா பேசினதா? கணீர்னு பேசினாங்க டாக்டர்! சாக்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. சார் விசிலை வாயில வச்சிட்டாரு. உடனே அம்மா, 'அந்த விசிலை ஒருநாள் நானே முழுங்கிடுறேன், அப்பவாவது என் பேச்சு உங்க காதுல விழுதா பாக்கலாம்'னாங்க. ஒரு எழுத்து குழறல. முன்சீட்டுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. சார்தான் சிரிக்கல, ஊதிட்டு இருந்தாரு."

"நேரம்?"

"ஆறரைக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. எங்க வண்டி சார் விசில்ல கிளம்புற வண்டி டாக்டர். அதுல தப்பே வராது."

டாக்டர் போனைத் திருப்பித் தரக்கூட நிற்கவில்லை. தன் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். போன் சாயங்காலம்தான் கிடைத்தது.

ஒன்பது ஐந்துக்குக் கதவு மூடியது. நிமிஷக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் கடிகாரம் இருக்கும் அறையில் அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அவர் மடியில் குழந்தையை விட்டுவிட்டு அக்கா பால்பவுடருக்குப் போயிருந்தார். பிள்ளை விசில் கயிற்றை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூங்கியது. அவர் அசையாமல் இருந்தார்.

"ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம்," என்று குழந்தையிடம் சொன்னார். "ஒரே ஒரு நிமிஷம். உங்கம்மா பேசுறது நல்லாத்தான் இருக்கும்."

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியில் முடி ஒட்டியிருந்தது. "கட்டி வந்திடுச்சு. ரத்தம் ஓடுது. வலது கைவிரல் அசைக்கிறாங்க. பேச்சுக்குக் கொஞ்ச நாள் ஆகும், பயப்படாதீங்க."

நிமிஷக்காரர் நன்றி சொல்ல எழுந்தார். கையில் குழந்தை இருந்ததால் கும்பிட முடியவில்லை; குழந்தையோடு சேர்ந்தே குனிந்தார். குழந்தை விழித்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்து, வீறிட்டது.

பேச்சு திரும்பிய விதம் தனிக் காவியம். மூன்றாம் நாள் டாக்டர் பேனாவைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

அவள் யோசித்தாள். உதடு கோணியது. கண் கணவனின் கழுத்துக்குப் போனது. "வி... சில்."

"இது?" கைக்கடிகாரம்.

"விசில்."

"இது?" தண்ணீர் டம்ளர்.

"விசில்," என்றாள். அது தப்பென்று அவளுக்கே தெரிந்தது. கோபத்தில் கண்ணீர் வந்தது. வேறு வார்த்தைகள் எல்லாம் எங்கோ மாட்டிக்கொள்ள, பாழாய்ப்போன அது மட்டும் முன்னால் வந்து நின்றது.

"அப்படித்தான் ஆகும்," என்றார் டாக்டர். "முதல்ல வந்த வார்த்தை வழியை அடைச்சிட்டு நிக்கும். பின்னாடி மத்ததெல்லாம் வரும்."

நிமிஷக்காரர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பலனில்லை. ஒரு வாரம் அவர் பெயரும் விசில்தான், குழந்தையின் பெயரும் விசில்தான். ஒன்பதாம் நாள் பால் கொடுக்கும்போது அவள் குழந்தையைப் பார்த்து "பா... ப்பா" என்றாள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியோடு பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையில் குழந்தை, உதவாத வலது கைக்குக் கீழே நிமிஷக்காரரின் கை. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். கூண்டில் மாற்று ஆள் எழுதி வைத்திருந்த பக்கங்களைப் புரட்டினார். அந்தக் காலை ஆறரை வண்டி, போய்ச் சேர்ந்ததில் தாமதம் மூன்று நிமிஷம். காரணம்: டிரைவர். பழைய வழக்கப்படி, சிவப்பு மையில்.

அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தார். ஓட்டுநர் "என்ன சார்?" என்றார். "டயர்ல காத்து சரியா இருக்கா பாருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். நன்றி சொல்வது அவருக்கு வராத கலை. அதற்கும் பயிற்சி தேவைப்பட்டது.

மனைவிக்கு இன்னொரு பயிற்சி நடந்தது. பிசியோதெரபி அறையில் படி ஏற, பந்து பிடிக்க, கிளிப் மாட்ட. மூன்று மாதம் ஆட்டோவில் போய் வந்தாள். பிறகு பயிற்சி தருகிற பெண் சொன்னாள்: "அடுத்த தடவை பஸ்ல வாங்க. நீங்களே நடந்து, நீங்களே ஏறணும். யாரும் தொடக்கூடாது."

அந்த அடுத்த தடவை, காலை பத்து பத்து வண்டி. அதே ஓட்டுநர், அதே சில்லறை. நிமிஷக்காரர் கூண்டிலிருந்து பார்த்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் அவள் நின்றாள். பின்னால் குழந்தையோடு அக்கா, மூன்றடி தள்ளி, கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு.

அவள் நடக்க ஆரம்பித்தாள். இடது கால் எடுத்து வைத்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது. நின்றாள். மூச்சு விட்டாள். மறுபடி இடது கால்.

முள் பத்து பத்தில் வந்து நின்றது. நிமிஷக்காரர் விசிலை வாயில் வைத்தார். அவளுக்கும் வண்டிக்கும் நடுவே மறுபடி அதே பதினோரு காலடி தூரம். காலைத் தேய்த்து நடக்கும் இப்போதைய நடையில் அது இருபது காலடிக்கும் மேலாகும்.

சில்லறை படியில் நின்று அவரைப் பார்த்தார். ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு பை வைத்த ஆள் தலையை நீட்டினார். "என்ன சார், டைம் ஆயிடுச்சே! போன வாரம் நான் கையை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தேன். மூஞ்சியிலேயே விசில் ஊதினீங்க!"

நிமிஷக்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்து, ஊதும் துளைக்குள் எட்டிப் பார்த்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"தூசி அடைச்சிருக்கு," என்றார்.

பை வைத்த ஆள் திரும்பி யாருக்காக என்று பார்த்தார். பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏழாவது காலடி. எட்டாவது. அவள் ஒருமுறை தடுமாறினாள். நிமிஷக்காரரின் கை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தது. அக்காவின் கை முன்னால் போய், நின்று, திரும்பி வந்தது. வண்டிப் படியில் அவள் இடது காலை வைத்தாள். வலது கால் ஏற மறுத்தது. அவள் அதைப் பார்த்து ஏதோ திட்டினாள்; வார்த்தை தெளிவாக வந்தது. கால் ஏறியது.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அக்கா குழந்தையோடு பக்கத்தில். வலது கையைத் தூக்கி ஜன்னல் கம்பியில் வைத்தாள், ஒவ்வொரு விரலாக. கூண்டைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"டைம்கீப்பர் சார்," என்றாள் மெதுவாக. "இப்ப... ஊதுங்க."

ஊதினார். வண்டி கிளம்பியது.

அது வளைவு திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பதிவேட்டை இழுத்தார். புறப்பட வேண்டிய நேரம் பத்து பத்து. புறப்பட்ட நேரம் பத்து பதினாலு. தாமதம் கட்டத்தில் நான்கு என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்குச் சிவப்புப் பேனாவை எடுத்தார். யாரும் பக்கத்தில் இல்லை. அவருடைய நிதானமான, அழகான கையெழுத்தில் எழுதினார்.

காரணம்: டைம்கீப்பர்.